ஜம்பட்டா வீதித் தையற்கடையில் தைத்த வெள்ளை ஸ்டோல்: ஆறு மாதம் கழித்து

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கைக்கு மிஞ்சிய ஓடர்கள் ஏற்கெனவே கிடக்கின்றன, இன்னும் நாலு பேர் படியேறினால் என் தூக்கம் போய்விடும் என்றார். ஆகவே இடத்தை மட்டும் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயப் பக்கமிருந்து ஜம்பட்டா வீதிக்கு வந்தால், வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கீழே செபமாலை, மெழுகுதிரி, சுரூபங்கள். மேலே தையல். மரப்படி செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று கூப்பிட்டால் மாஸ்டரே இறங்கி வருவார். மூன்றாவது முறை ஏறி முடித்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

நான் 31 வருடம் கொழும்பில் அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்தவள். விடுபட்ட புள்ளியையும் இடம் மாறிய கொம்பையும் தேடித் தேடியே கண் பழுதாயிற்று. தையலைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எழுத்தைப் பற்றியே அதிகம் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையின் மகன், அதாவது என் பெறாமகன், இந்த வருடம் மன்னாரில் குருப்பட்டம் பெற்றான். பட்டத்துக்கு வெள்ளை ஸ்டோல் வாங்கித் தருவது பெரியம்மாவின் பொறுப்பு என்று அவன் குருமடத்துக்குப் போன நாளிலேயே முடிவாகியிருந்தது. அறியாதவர்களுக்காக: ஸ்டோல் என்பது குருவானவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு முன்பக்கம் இரண்டு தொங்கலாக விடுகிற நீண்ட பட்டி. குருவாவதற்கு முந்தைய படியான திருத்தொண்டராக இருக்கும்வரை அதை இடது தோளிலிருந்து குறுக்காகப் போடுவார்கள். பட்டம் கொடுக்கும் பூசையில் ஆயர் தலைமேல் கைவைத்து, மன்றாட்டைச் சொல்லி முடித்த பிறகு, குறுக்கே கிடப்பதை எடுத்து நேராகப் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இவ்வளவு அலைச்சலும்.

தங்கையின் கட்டளை தெளிவாக இருந்தது. இரண்டு தொங்கலிலும் பொன்னூலில், தூரத்தில் நிற்பவர்களும் வாசிக்கும்படி, "மெல்கிசேதேக்கின் முறைப்படி நீர் என்றென்றும் குருவே". திருப்பாடல் 110, நான்காம் வசனம். குருப்பட்ட அழைப்பிதழ், ஞாபக அட்டை, பதாகை, கேக் என்று எல்லாவற்றிலும் இருக்கும் வசனம் இது. அச்சகத்தில் இருந்தபோது ஆயிரம் தடவையாவது இது என் மேசையைக் கடந்து போயிருக்கும். அதில் எட்டுப் புள்ளிகள். எண்ணிச் சரிபார்த்து மேலே அனுப்புவேன்.

முதல் நாள் துணி தெரிவு. மாஸ்டர் சிலாபம் பக்கத்துக்காரர். தமிழையும் சிங்களத்தையும் ஒரே மூச்சில் பேசுவார். கணக்கை மட்டும் சிங்களத்தில் போடுவார். பூவேலை நெய்த பளபளப்புத் துணி, கொஞ்சம் மங்கலான பருத்திக் கலப்புத் துணி என்று இரண்டு வகை வெள்ளையை விரித்தார். பளபளப்பைத் தொட்டதும் எனக்கு மன்னார் வெயில் நினைவுக்கு வந்தது. பருத்திக் கலப்பையே எடுத்தேன். அந்தத் தீர்மானத்தில் இன்றுவரை வருத்தமில்லை. ஆறு மாதமாகியும் துணி சுருங்கவில்லை, வெளிப்பக்கம் பழுக்கவில்லை.

வசனத்தைச் சொன்னதும் மாஸ்டர் சிரித்தார். "அக்கா, தொங்கலில் தைத்தால் பூசையில் யார் வாசிப்பது? அதற்கு மேலேதானே பெரிய அங்கி வரும்" என்றார். உண்மைதான். பூசைக்கு ஸ்டோலைப் போட்டு, அதன்மேல் அகன்ற மேலங்கியைப் போடுவார்கள். மேலங்கி இல்லாமல் ஸ்டோல் மட்டும் தெரிவது பாவசங்கீர்த்தனம் கேட்கும்போதும், நோயாளிக்கு எண்ணெய் பூசும்போதும், இன்னும் சில சடங்குகளிலும்தான். இத்தனை வருடம் முன் வாங்கில் உட்கார்ந்து பூசை கண்டவள், இதை யோசித்ததே இல்லை. ஒரு கடைக்காரர் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்டு இப்படிச் சொன்னதற்காகவே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

மன்னாருக்குத் தொலைபேசினேன். "அப்படியானால் மேலங்கியிலும் தைக்கச் சொல்லுங்கள் அக்கா" என்றாள் தங்கை.

இரண்டாவது தடவை போனது எழுத்து மாதிரி பார்க்க. கணினியில் எழுத்தை அடித்து, தையல் இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றும் வேலையை ஓர் இளம் பெண் செய்கிறாள். மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். அவள் காட்டிய மாதிரியில் இப்படி இருந்தது: "நீர் மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியராயிருக்கிறீர்."

நான் எழுதிக் கொடுத்த தாளை அவள் பார்க்கவே இல்லை. வசனம் மனப்பாடம் என்பதால் ஞாயிறு பாடசாலையில் படித்த வேதாகமத்திலிருந்து அப்படியே அடித்துவிட்டாள். தையல் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் விலையும் எகிறி நின்றது. இது பிழையா? மெய்ப்புக்காரியின் கணக்கில் பிழை. ஆனால் அடித்தவளுக்கு வசனம் தெரிந்திருந்ததால் வந்த பிழை. இப்படிப்பட்ட பிழையை என் வேலைக்காலத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

"எங்கள் திருவிவிலியத்தில் குரு என்றுதான் இருக்கிறது, பிள்ளை" என்றேன்.

"குரு என்றால் படிப்பிக்கிறவர் இல்லையா, அன்ரி?"

"பலி செலுத்துகிறவரையும் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். பட்டம் பெறப்போவது என் பெறாமகன்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்படியானால் இந்த வசனத்தில் 'நீர்' என்பது யார்?"

31 வருடம் எட்டுப் புள்ளியையும் எண்ணிய எனக்கு இந்தக் கேள்வி ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. "இயேசு" என்றேன், ஓரளவு கோபத்துடன். "அப்படியானால் சரி" என்று சொல்லிவிட்டு அவள் ஆசாரியரை அழித்துக் குருவை அடித்தாள்.

வீட்டுக்கு வந்து, புதிய ஏற்பாட்டில் இந்த வசனத்தை வைத்தே வாதாடுகிற எபிரேயர் திருமுகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்தாம் அதிகாரத்திலிருந்து பத்தாம் அதிகாரம் வரை ஒரே இருப்பில் வாசித்தேன். அதில் ஒரு பெரிய வழக்கே நடக்கிறது. மெல்கிசேதேக்கு தொடக்க நூல் 14ஆம் அதிகாரத்தில் மூன்றே வசனத்துக்கு வந்து போகிறவர். சாலேம் நகரின் அரசர், உன்னத கடவுளின் குரு. போரிலிருந்து திரும்பும் ஆபிராமுக்கு அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுவந்து ஆசி கூறுகிறார். ஆபிராம் பத்திலொரு பங்கைக் கொடுக்கிறார். அவ்வளவுதான். தகப்பன் பெயர் இல்லை, தாய் பெயர் இல்லை, பிறப்பும் இறப்பும் இல்லை. வம்ச அட்டவணை இல்லாமல் ஆளை அறிமுகப்படுத்தாத ஒரு நூலில் இவருக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எபிரேயர் திருமுகத்தை எழுதியவர் அந்த வெற்றிடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார். லேவி வம்சத்துக் குருக்களுக்கு வம்சம்தான் தகுதி. இயேசுவோ யூதா குலம்; அந்தக் குலத்தில் பீடத்தண்டை நின்றவர் யாருமில்லை. அப்படியானால் அவர் எந்தக் கணக்கில் குரு? வம்சக் கணக்கில் இல்லை, அழியாத உயிரின் வல்லமையால் என்கிறார். முன்னைய குருக்கள் பலராக இருந்ததற்குக் காரணம், அவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனது. இவர் சாவதில்லை. ஆகவே அடுத்தவர் தேவையில்லை.

அன்று இரவு வேறொரு பகுதியும் கண்ணில் பட்டது. தையற்கடை நினைவில் இருந்ததால் பட்டதோ என்னவோ. எண்ணிக்கை நூல், 20ஆம் அதிகாரம். மோசேயின் அண்ணனும் முதல் தலைமைக் குருவுமான ஆரோனைச் சாகும் நேரத்தில் ஓர் என்னும் மலைக்குக் கூட்டிப்போகிறார்கள். மோசே அவருடைய குருத்துவ உடைகளைக் கழற்றி, மகன் எலயாசருக்குப் போட்டுவிடுகிறார். ஆரோன் அங்கேயே இறந்துபோகிறார். உடைகள் மலையிலிருந்து இறங்கி வருகின்றன, இன்னொருவர் உடம்பில். விடுதலைப் பயண நூல் ஒரு முழு அதிகாரம் செலவழித்து நூல், நிறம், கல், மணி என்று விவரிக்கிற அதே உடைகள். அந்த முறையில் ஆளைவிட உடுப்புக்கு ஆயுள் கூட. எபிரேயர் திருமுகம் இதைத்தான் புரட்டிப் போடுகிறது என்று நினைக்கிறேன்: உடுப்பைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுக்கத் தேவையில்லாத ஒரு குரு.

இதைத் தங்கைக்குச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"அப்படியானால் என் பிள்ளை யார்? வேலைக்காரனா?" என்றாள்.

"பெரிய இறையியலாளர் தோமா அக்குவினாவே அப்படித்தான் சொல்கிறார். கிறிஸ்து ஒருவரே உண்மையான குரு, மற்றவர்கள் அவருடைய பணியாளர்கள் என்று. 1992இல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலிலும் அதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், 1545ஆம் எண்ணில்."

எண்ணைச் சொன்னது பிழை. அவளுக்கு எண் சொன்னால் பிடிக்காது. ஆனால் அவள் சும்மா விடுகிறவளும் இல்லை. "குருப்பட்டம் அழியாத முத்திரை என்று நாங்கள் மறைக்கல்வி வகுப்பில் படிக்கவில்லையா? ஒருதரம் குரு என்றால் எப்போதும் குரு. செத்தாலும் பூசை உடுப்போடுதானே அடக்கம் செய்கிறார்கள்?"

அவள் சொன்னதும் சரிதான், நான் மறுக்க முடியாது. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், குருத்துவம் மூன்றும் திரும்பப் பெற முடியாத முத்திரையைப் பதிக்கின்றன. 1563இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கமும் குருத்துவத்தைப் பற்றி அப்படியே அறிவித்தது: குருவானவர் திரும்பப் பொதுநிலையினர் ஆக முடியாது. பணியிலிருந்து விலகலாம், விலக்கப்படலாம். முத்திரை போவதில்லை.

எங்கள் அச்சகத்திலேயே ஒருவர் இருந்தார். பட்டம் பெற்று, பிறகு விலகி, கலியாணம் செய்து, என் எதிர் மேசையில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தவர். இலத்தீன் சொல் வந்தால் அவரிடம்தான் கேட்போம். பெரிய வியாழனன்று, குருக்கள் ஆயரோடு கூடி வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிற அந்தக் காலையில், வழக்கத்தைவிட முன்னதாக வந்து தலை நிமிராமல் வேலை செய்வார். ஒருமுறை அவரே சொன்னார்: "சாகக் கிடக்கிற ஒருவர் கேட்டால், நான் இப்போதும் பாவமன்னிப்புக் கொடுக்கலாம். திருச்சபைச் சட்டம் 976." சொல்லிவிட்டு மெய்ப்பைத் திருப்பினார். அப்போது எனக்கு அது ஒரு விநோதமான தகவல் மட்டுமே. இப்போது யோசித்தால், அந்த மன்னிப்பு அவருடைய யோக்கியதையில் நிற்பதாக யாரும் சொல்லவில்லை. இன்னொருவரின் குருத்துவம் அவர் மூலமாகக் கசிகிறது. அழியாதது அவருக்குள் இருப்பதாலேயே அது அவருடையதாகிவிடுமா?

தங்கைக்கு இதைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்திய பிறகு, 1687இல் யோசேப்வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் கோவாவிலிருந்து வந்து சேரும்வரை, ஏறக்குறைய 30 வருடம் எங்கள் ஆட்கள் குருக்கள் இல்லாமலே கிடந்தார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்து, செபமாலையைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். என்றென்றும் என்பது குருவானவர்களைச் சார்ந்தது என்றால், அந்த 30 வருடமும் அது என்ன ஆயிற்று? அதே ஒல்லாந்தர் 1757இல் திறந்த வுல்ஃபெண்டால் தேவாலயம் இந்தக் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் இன்னமும் நிற்கிறது. படியேறிய மூச்சு அடங்க நான் நின்ற சன்னலிலிருந்து அந்தப் பக்கத்து மேடு தெரிந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி, காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேப்வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தபோது, கடற்காற்றில் என் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் இந்தப் பெறாமகன்தான்.

தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளையையே கேளுங்கள்" என்றாள்.

பிள்ளையைக் கேட்டேன். அவன் நீளமாகப் பேசுகிறவன் இல்லை. "கழுத்துப் பக்கம், உள்ளே தைக்க முடியுமா என்று கேளுங்கள் பெரியம்மா" என்றான்.

இங்கேதான் கடையின் திறமை தெரிந்தது. ஸ்டோலின் கழுத்துப் பகுதியில், வெளிப்புறம், ஒரு சின்னச் சிலுவை இருக்கும். போடுவதற்கு முன் குருவானவர் அதை முத்தமிடுவது வழக்கம். நாங்கள் கேட்டது அதற்கு நேர் உட்புறத்தில், சருமத்தை ஒட்டுகிற பக்கத்தில். மாஸ்டர் உடனே தலையாட்டவில்லை. இயந்திரத் தையலின் அடிப்பக்கம் முள்ளாக இருக்கும், கழுத்தை அறுக்கும். பொன்னூல் வியர்வையில் கறுக்கும். அகலம் மூன்று அங்குலத்துக்கு மேல் இல்லை, ஆகவே முழு வசனமும் வைத்தால் எழுத்து எறும்பளவாகிவிடும். எல்லாவற்றையும் விரலை மடக்கிச் சொன்னார். பிறகு அவரே வழியும் சொன்னார். உள்துணியைத் தனியாக எடுத்து அதில் மட்டும் தைத்து, பிறகு ஸ்டோலில் இணைப்பது. அப்போது முள் பக்கம் இரண்டு துணிக்கும் நடுவில் அடங்கிவிடும். பொன்னூலுக்குப் பதில் சாம்பல் நிறப் பருத்தி நூல். வசனத்தில் மூன்று சொல் மட்டும்: "நீர் என்றென்றும் குருவே".

"உள்ளே தைத்தால் யார் பார்ப்பது?" என்று தங்கை கடைசியாக ஒருதரம் முயன்று பார்த்தாள். போடுகிறவன் பார்ப்பான் என்றேன். கையில் எடுத்து வாசிக்கிறவன் "நீர்" என்று சொன்னால் அது எதிரே இருக்கிற ஒருவரைத்தானே குறிக்கும்? தமிழ் இலக்கணம் அப்படி. வெளியே தைத்து ஊர் வாசித்தால்தான் "நீர்" அவனாகிவிடுகிறான்.

எழுத்துப் பற்றி இரண்டு எச்சரிக்கை. தமிழில் தைக்கக் கொடுக்கிறவர்கள் கட்டாயம் மாதிரி கேளுங்கள். முதல் மாதிரியில் "றெ"யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. தையல் மென்பொருள் தமிழை விளங்கிக்கொள்வதில்லை. எழுத்தைப் படமாக மாற்றி, அதன்மேல் தையலை வரைய வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தும் அவசரத்தில் விட்டுவிட்டாள். இரண்டாவது மாதிரியில் கொம்பு சரி, புள்ளிகள் துணிக்குள் புதைந்துவிட்டன. "நீர எனறெனறும குருவே". நாலு புள்ளியும் இல்லை. அவள் பொறுமையாகப் புள்ளியின் அடியில் ஒரு சுற்றுத் தையல் போட்டு உயர்த்தி, அதன்மேல் மூடித் தைத்தாள். மூன்றாவது மாதிரியில் ஒவ்வொரு புள்ளியும் மிளகுபோல் நின்றது. விரலால் தடவினாலே எண்ணலாம்.

இனிக் குறைகள். சொன்ன திகதிக்கு எட்டு நாள் பிந்தித் தந்தார்கள். இடையில் தொலைபேசியை எடுக்கவில்லை. பெருநாள் காலத்தில் கொடுக்கிறவர்கள் ஒரு மாத இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். நீளமும் பிசகிவிட்டது. பெறாமகன் குள்ளம். நான் உயரத்தை எழுதிக் கொடுத்திருந்தும் வழக்கமான அளவில் வெட்டிவிட்டார்கள். கண்டதும் திருப்பிக் கொடுத்தேன். அன்று மாலையே, கூலி கேட்காமல், விளிம்பின் சரிகையைப் பிரித்துக் குறைத்துத் தந்தார்கள். ஆனால் இடது தொங்கலின் கீழ்ச்சிலுவை இப்போது விளிம்புக்கு அரை அங்குலம் கிட்ட நிற்கிறது. என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. மெய்ப்புக்காரிக்குப் போதும்.

விலை: ஸ்டோல் உள்துணியோடு 11,500 ரூபாய். எழுத்து 1,800. கைகட்டும் துணி 900. மொத்தம் 14,200. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 7,000, முற்பணமாக வாங்குகிறார்கள். பற்றுச்சீட்டு கேட்டால்தான் தருவார்கள்.

கைகட்டும் துணி நான் பட்டியலில் எழுதாதது, மாஸ்டர் நினைவூட்டியது. பட்டத்தின்போது ஆயர் புதிய குருவின் உள்ளங்கைகளில் கிறிஸ்மா எண்ணெய் பூசுவார். அந்தக் கைகளை ஒரு வெள்ளைத் துணியால் சுற்றுவது பழைய வழக்கம். இப்போது கட்டாயமில்லை. அந்தத் துணியைத் தாய் வைத்திருந்து, அவள் இறக்கும்போது அவள் கையில் வைத்து அடக்கம் செய்வார்கள். இதைக் கேட்டதும் தங்கை மேலங்கி, பொன்னூல், கேக் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். இப்போது அது அவளுடைய அலுமாரியில், கலியாணச் சேலைக்கு அடியில், எண்ணெய் மணத்தோடு இருக்கிறது. சோடனை ஒன்றும் இல்லாத வெறும் வெள்ளை. வாங்கியதில் மிகவும் மலிவானதும் அதுதான்.

பட்டம் நல்லபடி நடந்தது. அவன் முகம்குப்புறப் படுத்திருக்கப் புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடியபோது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டோலை நேராகத் திருப்பிப் போட்டவர் நீளத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. முதல் ஆசிக்கு முழந்தாளிட்ட தாய் மகனைப் "பாதர்" என்று கூப்பிட்டாள். அவன் "என்னம்மா" என்றான்.

பரிசு கொடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளை வாங்காதீர்கள். பட்டத்துக்கு எல்லாரும் வெள்ளையும் பொன்னும்தான் கொண்டுவருவார்கள். பிள்ளையிடம் இப்போது ஏழு வெள்ளை இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி போடுவது பச்சை. அது அவனிடம் ஒன்றுதான், அதுவும் யாரோ ஒரு மூத்த குருவானவர் போட்டுப் பழசாக்கிக் கொடுத்தது. அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையை என் 14,200 ரூபாய் ஸ்டோலைப் பற்றிப் பேசும்போது காணவில்லை. அடுத்த மாதம் பச்சைக்கு ஓடர் கொடுக்கப் போகிறேன்.

போன வாரம் அவன் கொழும்புக்கு வந்தான். வந்ததும் வராததுமாகப் பையைத் திறக்கச் சொல்லி ஸ்டோலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிப்பக்கம் புதிது போலவே இருக்கிறது. சிலுவையின் ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. உள்ளே, கழுத்து படுகிற இடத்தில், துணி நல்லெண்ணெய் நிறத்தில் பழுத்திருக்கிறது. நூல் அப்படியே இருக்கிறது. புள்ளி நாலும் இருக்கின்றன. "ஏன் தோய்க்கவில்லை?" என்று கேட்டேன். தோய்த்தால் எழுத்துப் போய்விடும் என்று பயந்தானாம். குருமடத்தில் ஏழெட்டு வருடம் என்னதான் படிப்பிக்கிறார்களோ.

ஸ்டோலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த முறை கீழே நின்றே கூப்பிட்டேன். மாஸ்டர் இறங்கி வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பழுத்த இடத்தை மோந்துகூடப் பார்த்தார். உள்துணியை மட்டும் பிரித்து, குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரத் தூள் போடாமல் அலசி, நிழலில் உலர்த்தித் திரும்பப் பொருத்தித் தருவார்களாம். பிரித்துத் தைக்கக் கூலி 750 ரூபாய். நூலுக்கு ஒன்றும் ஆகாது, துணிதான் இன்னும் இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டிவரும், அப்போது எழுத்தைப் புதிதாகத் தைக்கலாம், மாதிரி கணினியில் இருக்கிறது என்றார். திங்கட்கிழமை கொடுத்தால் வியாழக்கிழமை எடுக்கலாம். வியாழன் என்று அவர் சொன்னால் நான் சனி என்று எழுதிக்கொள்கிறேன்.

ஐந்துக்கு நான்கு. அந்த அரை அங்குலத்துக்காக ஒன்றைக் குறைத்திருக்கிறேன்.